சாப்டியா என்று கேட்ட சீட்டு

நிறுவனத்தின் இருபதாண்டு வரலாற்றில் நேராத பேராபத்து நேர்ந்துவிட்டதென்று மேலாளர் நாகபூஷண எழுந்து நின்று அறிவித்தார்: தாவணகெரெயில் ஒரு நோயாளி வெண்ணெய் தோசை சாப்பிட்டுவிட்டார்.

வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர். ஆஸ்பத்திரியில் இவர்கள் விற்ற மெஷின் தந்த டோக்கன் சீட்டில், சன்னபசவராஜு என்ற அவர் பெயரை ஒட்டியே 'வினு, சாப்டியா?' என்று அச்சாகியிருந்தது. கேட்கிறார்களே என்று போய்ச் சாப்பிட்டிருக்கிறார்.

அறையே சிரித்தது. வினுதா சிரிக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் அந்த மெஷினுக்கான கணினி நிரலை எழுதியவன் சேதன், அவள் கணவன். சோதித்துப் பார்க்க வாயில் வந்ததைத் தட்டிவைப்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அவன் வாயில் எப்போதும் வந்தது அதுதான். எழுதிக்கொடுத்த மறுமாதம் தும்கூர் ரோட்டில் லாரி மோதி இறந்துபோனான். பெயர் அச்சிடும் வசதியை ஆஸ்பத்திரி இப்போதுதான் கேட்டு வாங்கியது.

சி என்கிற கணினி மொழியில் ஒரு பெயர் முடிந்ததென்று சொல்லக் கடைசியில் ஒரு பூஜ்யம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால், மைக் பிடித்த நாகபூஷண மாதிரி, நிறுத்தத் தெரியாமல் பக்கத்தில் கிடப்பதையும் சேர்த்து வாசித்துக்கொண்டே போகும். சேதன் ஒதுக்கியது பதினாறு இடம். சன்னபசவராஜுவுக்கு ஆங்கிலத்தில் சரியாகப் பதினாறு எழுத்து. பூஜ்யத்துக்கு இடமில்லாததால், அடுத்துக் கிடந்த சோதனை வரியும் சேர்ந்து அச்சாகிவிட்டது.

நாகபூஷண போன வருடம் வந்தவர். ஹேக்கர் வேலையென்றும் சைபர் போலீஸுக்குப் போகலாமென்றும் முழங்கினார். ஒரு பைட், அதாவது ஒரே ஒரு எழுத்துக்கான இடம், பத்தாததுதான் காரணம் என்றாள் வினுதா.

"எழுதுனவன் எந்தக் கம்பெனில இருக்கான்? போனப் போட்டு நாலு வார்த்தை கேளுங்கம்மா."

"எங்கயும் இல்ல சார்."

"வேலை இல்லாம சுத்துறானா? தெரிஞ்சதுதான்."

பூஜ்யத்துக்கு இடம் விடுவது ஒரு நிமிட வேலை. அதை மட்டும் செய்கிறேன், அந்த வரி உள்ளேயே இருக்கட்டும், இனி யார் கண்ணிலும் படாது என்று அவரிடம் கேட்டுப்பார்த்தாள். அடியோடு எடுத்தாயிற்றென்று ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போக வேண்டுமாம்.

தன் இடத்துக்கு வந்து, பழைய நிரலிலேயே சன்னபசவராஜுவின் பெயரை ஒன்பது முறை அடித்து ஒன்பது சீட்டு எடுத்தாள். அந்தக் காகிதத்தில் எழுத்து ஆறு மாதம்கூடத் தங்காது. மலிவாக இருக்கிறதென்று அந்த ரகத்தைச் சிபாரிசு செய்தவளே அவள்தான்.

பிறகு பூஜ்யத்துக்கு இடம் விட்டு, வரியை அழித்தாள். பத்தாவது சீட்டில் பெயர் மட்டும் வந்தது.

மெஷின் இப்போது சரியாக வேலை செய்கிறது.