முதுகு தேய்க்க வராத மா தொக்சு

1.

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைச் சந்தேகப்பட வேண்டாம்.

கொரியாவின் புசான் நகரில் ஒரு ரயில் நிலையத்தின் ஆண்கள் கழிப்பறை. (நான் அங்கே எதற்குப் போனேன் என்பது கதைக்குத் தேவையில்லை.) வயதான ஒருவர் கதவைத் திறந்து வெளியே வந்தார். கையில் முடிச்சுப் போட்ட சின்னக் கறுப்புப் பை. குப்பைக்கூடை தேடினார். பெண்கள் பக்கம் வைத்திருப்பார்கள். ஆண்கள் பக்கம் யார் வைப்பது? பையைக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டு நடந்தார். திருட்டுப்பயல் என்று நினைத்துப் பின்னாலேயே போனேன். ஒரு பொதுக் குளியல்கூடத்தின் வாசல்வரை போய், உள்ளே நுழையாமல் திரும்பிவிட்டார்.

அவருக்கு மா தொக்சு என்று பெயர் வைத்தேன்.

2.

முதல் தொடக்கம்: "மா தொக்சு அழுதார்."

பொய். கப்பல் தளத்தில் இரும்பைப் பற்றவைத்தே ஆயுசைக் கழித்தவர், என் கதைக்காக அழுவாரா?

இரண்டாவது: "புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை செய்த பிறகு, தொக்சுவுக்குச் சிறுநீர் அடங்கவில்லை. மனைவி மல்சுன் பக்கத்தில் படுத்தாலும்"

இதை முடிக்க அவர் விடமாட்டேன் என்கிறார். சரி, விடுகிறேன். பையில் இருந்தது நனைந்த பஞ்சுப் பட்டை. அது மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

3.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தக் குளியல்கூடத்தில் தொக்சுவும் நண்பன் குவாங்சிக்கும் ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துவிடுவார்கள். வாலிபத்திலிருந்தே அப்படித்தான். இப்போது துணியை அவிழ்த்துவிட்டு எப்படி உட்காருவது? எல்லோரும் இறங்குகிற வெந்நீர்த் தொட்டியில் தன்னையறியாமல் ஒழுகிவிட்டால்? நினைத்தாலே தொக்சுவுக்கு உடம்பு கூசியது. சிறுநீரகக் கல்லுக்கு வைத்தியம் என்று நண்பனிடம் சொல்லியிருந்தார். கல் போன பிறகு சளி என்றார்.

குவாங்சிக் வீட்டுக்கே வந்துவிட்டான்.*

"இந்த வெயில்ல சளியா? யாருகிட்ட கதை விடுற? உண்மையைச் சொல்லு, வேற எவன்கிட்ட முதுகைக் காட்டுற?"

"போடா, பொண்டாட்டி மாதிரி சந்தேகப்படாத."

"பொண்டாட்டி மேல்டா. கேட்டுட்டு விட்டுருவா." கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்தான். சுட்ட விலாங்கு மீன். "தின்னு. ஆம்பளைக்குத் தெம்பு. நாளைக்குத் தங்கச்சி எனக்கு நன்றி சொல்லும். என்னம்மா?"

மல்சுன் சட்டென்று அடுப்படிக்குள் போனாள்.

தொக்சு அவள் போன பக்கம் பார்த்தார். இவனுக்குத் தெரிந்திருக்கிறது. இவளே சொல்லியிருப்பாள். தெரிந்துகொண்டு, வீடு தேடி வந்து நக்கலடிக்கிறான்!

"எந்திரி. வெளிய போ."

"டேய்..."

"இனிமே இந்த வாசப்படி மிதிக்காத."

குவாங்சிக் போய்விட்டான். மீன் அப்படியே இருந்தது.

"அந்த அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றாள் மல்சுன். "நான் சொல்லல. எங்கிட்டயே நீங்க பேசுறதில்ல, நான் யாருகிட்ட என்னன்னு சொல்ல?"

* விலாங்கு மீனைப் பாசத்தில்தான் வாங்கி வந்தான். நான் உறுதியாகச் சொல்வது இது ஒன்றைத்தான்.

4.

முடிவுகள்.

அ) குவாங்சிக்குக்கும் அதே நோய், இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். கதைக்கு வசதியாக வருகிற நோயை நான் நம்புவதில்லை. அடித்துவிட்டேன்.

ஆ) மல்சுன் போய்ச் சொல்லிவிடுகிறாள். எழுதிப் பார்த்தேன். "அவரு வாயை அவரே தொறக்கட்டும்" என்று பாதி வழியில் திரும்பிவிட்டாள்.

இ) அடுத்த ஞாயிறு. உள்ளே குவாங்சிக் குட்டை முக்காலியில், தேய்க்காத முதுகோடு உட்கார்ந்திருக்கிறான். காசுக்குத் தேய்க்கிற ஆள் கேட்டதற்கு, "வேணாம், ஆள் வருவான்" என்கிறான். வெளியே, கதவில் கை வைத்தபடி தொக்சு. உள்ளே போனால் அவர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். பல நாளாக எழுதிப் பார்க்கிறேன், எனக்கு வரவில்லை. உங்களுக்கு வந்தால் அவரிடம் சொல்லிக்கொடுங்கள். அவன் காத்திருக்கிறான்.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? இது என் கதையா என்றா?

சேச்சே. எனக்கு வெறும் சளி.