அடைப்பான் தோல்

விடியுமுன்பே தொட்டிக்குள் கையை விட்டாக வேண்டும். மேலே உறைந்து கிடக்கும் பனியை முழங்கையால் உடைத்து, ஊறிய மாட்டுத்தோலை வெளியே இழுத்து, ரோமம் உட்பக்கம் போகும்படி தேயிலைப் பெட்டியின் மேல் போர்த்தித் தைக்க வேண்டும். காய்ந்த பிறகு தோல் இறுகிப் பெட்டியைக் கவ்விக்கொள்ளும். மாஸ்கோ வரைக்கும் பனியோ சேறோ தேயிலையைத் தொடாது. தைக்கும்போது இரண்டு கையும் தோலைப் பிடித்திருக்கும். ஆகவே தைக்கும் தோல்வாரைப் பல்லால் கடித்துத்தான் இழுப்பார்கள். ருஷ்ய-சீன எல்லையில், சீனத் தேயிலை வந்திறங்கும் கியாக்தாவின் தையல்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் தைத்தார்கள்.

அன்றைக்குத் தெரெந்தியால் வாரை வாயில் வைக்க முடியவில்லை. இருபது தையல்காரர்களுக்கு அவன்தான் தலைவன். கூடவே தைத்துவந்த அவன் மனைவியின் தம்பி யெரெமேய் வீட்டில் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடந்தான். கழுத்தில் கரிக்கட்டை போல ஒரு புண்.

பத்து நாளைக்கு முன் மலிவான தோல் ஒரு லோடு வந்து இறங்கியது. உட்புறமெல்லாம் கறுத்த ரத்தம். தையல்காரர்களில் ஒருவனான பல்தான் புரியாத்து மேய்ப்பர் இனத்தவன், மாடுகளோடு வளர்ந்தவன், பார்த்ததுமே சொன்னான்: “அண்ணே, இது அறுத்த மாடு இல்ல. அடைப்பான் நோய் வந்து செத்தது.”

“வாய மூடிட்டுத் தைடா. பாதித் தேயிலைய ரயில் கொண்டு போயிருச்சு. மிச்ச வேலையும் போகணுமா?” என்றான் தெரெந்தி. அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது.

சீனாக்காரன் தண்ணீரில் விஷம் வைத்துவிடுவான் என்று பயந்து, பெரிய ஆற்றை விட்டுவிட்டு, ருஷ்யப் பக்கத்திலிருந்து ஓடிவரும் இந்தச் சாக்கடை ஓடைக்கரையில் ஊரைக் கட்டினார்களாம் முன்னோர்கள். மகா புத்திசாலிகள். விஷம் என்னவோ உள்ளூர் முதலாளியின் கிடங்கிலிருந்தே வந்தது.

தெரெந்தி ஊசியைக் கீழே வைத்தான். மற்றவர்களின் ஊசிகளும் ஒவ்வொன்றாக நின்றன. சற்று நேரத்தில் முதலாளி கொலொபோவ் கம்பளிக் கோட்டோடு வந்து நின்றார்.

“என்னப்பா, கை மரத்துப் போச்சா? ஏரியில பனி உருகுறதுக்குள்ள வண்டிங்க பைகாலத் தாண்டணும். தையுங்க.”

“தோல் நோய்த்தோல், முதலாளி. என் மச்சான் கழுத்துல கரும்புண்ணு.”

“குடிச்சிட்டு அடுப்பு மேல விழுந்திருப்பான்.”

“குடிக்கவா? நீங்க குடுக்கற கூலியில டீத்தண்ணிக்கே வழியில்ல.”

யாரோ சிரித்தார்கள். கொலொபோவின் முகம் சிவந்தது. “பத்து நாளாத் தச்சியே, அப்ப மூக்க எங்க அடகு வச்சிருந்த?”

சரியான இடத்தில் குத்திவிட்டார். பொய் சொல்லிவிடலாம். ஆனால் தெரெந்தி சலித்துப்போயிருந்தான், பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை.

“தெரியும். தெரிஞ்சேதான் தச்சேன். இவங்களையும் தைக்க வச்சேன்.”

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் காறித் துப்பினான். பல்தான் மட்டும் முன்னே வந்தான்.

“உன்ன அப்புறம் வச்சுக்கறேண்ணே. மொதல்ல இவரக் கேப்போம். நல்ல தோல் வரட்டும், யெரெமேய்க்கு வைத்தியர் வரட்டும், அப்பத் தைக்கிறோம்.”

“ஓகோ! எல்லைக்கு அந்தாண்ட ஆளே இல்லையா? சீனாக்காரன் பாதிக் கூலிக்குத் தைப்பான்!”

அதுதான் உண்மையான பயம். சீன ஊரான மைமாச்சென் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வெற்று நிலம். அதைத் தாண்டித்தான் சீனச் சுமைக்காரர்கள் பெட்டிகளைத் தூக்கி வருவார்கள். எல்லைவாசல் திறக்கும் சத்தம் கேட்டது.

தெரெந்தி தொட்டியிலிருந்து ஒரு தோலை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தான். முதுகெல்லாம் நனைந்தது. பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்க்க அவனுக்குத் துணிவில்லை. காலடிச் சத்தம் மட்டும் கேட்டது, முதலில் ஒன்று, பிறகு பல.

வெற்று நிலத்தின் நடுவில், பெட்டிகளோடு வந்தவர்களின் முன்னே தோலை விரித்தான், உட்புறம் மேலே தெரியும்படி. சுமைக்காரர்களின் மேஸ்திரி காவ் குனிந்து பார்த்தார். இரண்டு ஊருக்கும் பொதுவான சந்தைப் பேச்சில் கேட்டார்:

“மாடு செத்து, தோல் வாங்கினது?”

“ஆமா, பெரியவரே. என் மச்சான் சாகக் கெடக்கறான். உங்க ஆளுங்களக் கூப்பிட்டுத் தைக்கச் சொல்லுவாங்க.”

“நம்ம ஆள் கை, இரும்புக் கை இல்ல,” என்றார் காவ். திரும்பித் தன் ஆட்களிடம் ஏதோ சொன்னார். பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பனியில் இறங்கின.

கிடங்கு வாசலில் கொலொபோவ் கத்திக்கொண்டிருந்தார். ருஷ்ய வாசல் பக்கமிருந்து கொசாக்குக் காவலர்களின் விசில் கேட்டது. சீன வாசலிலும் யாரோ ஓடினார்கள்.

தெரெந்தி ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தான். யெரெமேய் பிழைப்பானா, நாளைக்கு வேலை இருக்குமா, எதுவும் தெரியாது. பல்தான் வந்து எதிரே நின்றான். முகத்தில் கோபம் தணியவே இல்லை.

“தள்ளி உக்காருண்ணே,” என்றான்.

தெரெந்தி நகர்ந்து இடம் கொடுத்தான். காவ் அடுத்த பெட்டியில் உட்கார்ந்து புகைக்குழாயைப் பற்றவைத்தார். தையல்காரர்களும் சுமைக்காரர்களும் ஆளுக்கொரு பெட்டியில் அமர்ந்தார்கள். காவலர்கள் நெருங்கி வந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.