சுவரில் வந்த மாமனார்

கோர்ட் ஹவுஸ் வாசலில் காரை நிறுத்தியபோது ஷ்யாமளாவுக்கு மனசு நிறைந்துதான் இருந்தது. பிரைஸ்ஃபீல்ட் என்ற அந்தச் சின்ன ஊர் டெக்சஸில் ஒரு கவுண்டிக்கு, நம்ம ஊர்க் கணக்கில் ஒரு மாவட்டத்துக்கு, தலைநகரம். மேய்கிற மாடுகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, அதற்கப்புறம் ஊர். முப்பது வருஷம் அங்கே டாக்டராக இருந்த அவள் கணவர் ராமசுப்ரமணியன் போன வருஷம் காலமானார். ஊர்ப் பிரமுகர்களுக்கென்று கோர்ட் ஹவுஸ் கூடத்தில் ஒரு சுவர் திறக்கிறார்கள், அதில் அவரும் உண்டு என்று சொன்னதும், வீட்டில் மாட்டியிருந்த நல்ல படத்தை அவளே கழற்றி அனுப்பிவைத்தாள்.

சுவரில் முதல் ஆள், ஊருக்கு ரயில் கொண்டுவந்தவர். அப்புறம் பருத்தி ஆலைக்காரர், பேஸ்பால் ஆடிப் பேர் வாங்கினவர். கடைசியில் அவள் கணவர், கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு. கீழே பித்தளைத் தகட்டில் கொட்டை எழுத்தில்: டாக்டர் சந்தானம்.

வேறு பேர் எதுவும் இல்லை.

சந்தானம் அவள் மாமனார். அப்பா பேரை இனிஷியலாகப் போட்டுப் பழகினவர்கள், பாஸ்போர்ட்டில் அதை விரித்து எழுதிக்கொண்டு பிளேன் ஏறினால், இங்கே வந்து இறங்குவது அப்பாதான். ஆஸ்பத்திரி மைக்கில் மாமனாரைக் கூப்பிடுவார்கள், கணவர் ஓடுவார். அவள் பேருக்குப் பின்னால் ராமசுப்ரமணியன் இருந்ததால், இவர்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றுகூட ஊரில் ஒரு பேச்சு இருந்தது.

"எப்படி இருக்கு ஆன்ட்டி?" என்று வந்தான் கிரீஷ். ஐ.டி. வேலைக்காரன். வீட்டிலிருந்தே வேலை, விலையும் குறைவு என்று இங்கே வீடு வாங்கி, வந்த வேகத்தில் இந்தச் சுவர்க் கமிட்டியிலும் சேர்ந்துவிட்டான்.

"இது யார் பேர்?"

"அங்கிள் பேர்தான்."

"அவர் பேர் ராமசுப்ரமணியன். போன்ல படிச்சுப் படிச்சு சொன்னேனே."

"சொன்னீங்க. ஆனா இங்க யாருக்கு ஆன்ட்டி அது தெரியும்? பேர் வேற நீளம். லாஸ்ட் நேம் போதும்னு கமிட்டில ஓட் பண்ணிட்டாங்க."

"நீயும் அதுக்குத்தான் ஓட் பண்ணினியா?"

கிரீஷ் பருத்தி ஆலைக்காரரைப் பார்த்தான்.

வேறு சாதிப் பெண்ணான இவளைக் கட்டியதற்காக மகனைத் தலைமுழுகினவர் சந்தானம். "இனிமே என் பேரைச் சொல்லிக்காதே" என்று தந்தியடிக்காத குறையாகச் சொல்லியனுப்பினார். ஆறு மாசக் கைக்குழந்தையோடு இரண்டு பேரும் மன்னார்குடிக்கு, அவர் வீட்டுக்குப் போய் கேட்டைத் தட்டியபோது வேலைக்காரன் வந்தான். "ஐயா வீட்ல இல்லை." ஜன்னலுக்கு அந்தப்பக்கம் ஐயா பேப்பர் புரட்டுகிற சத்தம் அவளுக்கு நன்றாகக் கேட்டது.

"தகட்டை மாத்தச் சொல்லு."

"இப்ப எப்படி? ஜட்ஜ் வந்துட்டார், ரிப்பன் கட்டியாச்சு. நம்ம ஆள் ஒருத்தர் இந்தச் சுவர்ல வர்றதே பெருசு. சும்மா பேருக்காக சீன் கிரியேட் பண்ணாதீங்க."

"சும்மா பேரா? முப்பது வருஷம் தூக்கம் கெட்டு வைத்தியம் பார்த்தது யாரு, மாலை யாருக்கு?"

"மாத்த முடியாது ஆன்ட்டி. வேணும்னா கமிட்டிக்கு மெயில் போடுங்க."

ஷ்யாமளா தகட்டைத் தொட்டுப் பார்த்தாள். நாலு மூலையிலும் ஸ்குரூ போட்டு இறுக்கியிருந்தார்கள். படம் ஒரு ஆணியில்தான் தொங்கியது. செருப்பை உதறிவிட்டு, பக்கத்தில் கிடந்த ஒரு நாற்காலியில் ஏறினாள்.

"ஐயோ ஆன்ட்டி! இறங்குங்க, எல்லாரும் பாக்கறாங்க!"

"பாக்கட்டும்."

படம் கையோடு வந்துவிட்டது. சுவரில் வெறும் ஆணியும், அதன் கீழே பளபளவென்று சந்தானமும்.

"ஆளே இல்லாம பேர் மட்டும் இருந்தா கேக்கறவங்களுக்கு நான் என்ன சொல்றது?" கிரீஷுக்குக் குரல் கிறீச்சிட்டது.

படத்தை முந்தானையால் துடைத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, செருப்பை மாட்டினாள்.

"ஐயா வீட்ல இல்லைன்னு சொல்லு."