வைக்கோல் நிறம்

ஐந்தரைக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். பால் வாங்கி வந்தேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பட்டறையைத் திறந்து உலையின் சுவிட்சைப் போட்டேன். எண்ணூறு டிகிரி ஏற ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் குளித்தேன். என் மனைவி டீ போட்டாள். நின்றுகொண்டே குடித்தோம். எல்லா நாளும் இப்படித்தான்.

நாங்கள் நாணயம் அடிக்கிறவர்கள். கடையில் செல்லும் காசு அல்ல; பள்ளி விழா, கம்பெனி விழாவில் கொடுக்கும் வெள்ளி நாணயம். எஃகு அச்சில் உருவத்தைச் செதுக்குவது அவள் அண்ணன். அச்சை உலையில் வைத்து இறுக்குவது நான். பிரஸ்ஸில் பொருத்தி அடிப்பது அவள். மூவரில் அவள் கைதான் நிதானம்.

ஓடிக்கொண்டிருந்த அச்சு முந்தின நாள் தேய்ந்து போயிருந்தது. புதிது ஒன்றைத் தயார் செய்து, முந்நூறு நாணயத்தை மாலைக்குள் ஒரு பள்ளிக்கு அனுப்ப வேண்டும்.

கரித்தூள் பெட்டிக்குள் அச்சைப் புதைத்து உலையில் வைத்தேன். சிவந்ததும் எடுத்து எண்ணெயில் முக்கினேன். அரம் போட்டுப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போனது. இறுகிவிட்டது. ஆனால் அந்த நிலையில் அச்சு கண்ணாடி மாதிரி. சின்ன அடுப்பில், இருநூறு டிகிரியில், இரண்டு மணி நேரம் இருந்தால்தான் உள்முறுக்கு தணியும். தணியாத அச்சை அடித்தால் வெடிக்கும். சில்லு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சின்ன அடுப்பில் வைத்த நாற்பதாவது நிமிடம் கரண்ட் போனது. வர ஒரு மணி நேரம் ஆயிற்று. முறைப்படி அந்த இரண்டு மணி நேரத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அவள் அண்ணன் வாசலில் வந்து நின்றார். பள்ளியிலிருந்து மூன்று முறை போன் வந்ததாம்.

"என்ன மாப்ள, தலை சீவி பவுடர் போட்டுத்தான் அதை வெளிய அனுப்புவீங்களா?"

மறுபடி இரண்டு மணி நேரம் வைக்காமல் அடுப்பைத் திறந்தேன். அச்சின் மேல் வெளிர் வைக்கோல் நிறம் படர்ந்திருந்தது. நாங்கள் எதிர்பார்க்கும் நிறம் அதுதான். நிறம் மேல்தோலில் சீக்கிரமே வந்துவிடும். உள்ளே சூடு ஊறத்தான் நேரம் வேண்டும். உலோகவியல் நான்கு வருடம் படித்தவன் நான். இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்.

எடுத்துத் தகரத் தட்டில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். தகரம் சூட்டில் நெளிகிறது என்று நினைத்தேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

ஆறியதும் அவள் வந்து அச்சின் முகத்துக்கு மெருகு போட்டாள். வைக்கோல் நிறம் போய், அது முகம் பார்க்கிற மாதிரி மின்னியது. இனி பார்வைக்கு எல்லா அச்சும் ஒன்றுதான். அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம்: நான் வாயால் சொல்லாமல் அவள் எந்த அச்சையும் பிரஸ்ஸில் ஏற்ற மாட்டாள்.

"நடுவுல கரண்ட் போச்சே. முழு நேரமும் இருந்துச்சா?"

"ஆச்சு."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். நான் அடுப்பை அணைப்பதில் மும்முரமாக இருந்தேன்.

பிரஸ்ஸுக்கு முன்னால் ஒரு இரும்புக் கதவு உண்டு. முதல் சில அடிகளுக்கு அதைத் திறந்தே வைப்போம். உருவம் நடுவில் விழுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். மூன்றாவது அடியில் அச்சு வெடித்தது. சில்லு அவள் கழுத்தில் பாய்ந்தது. நான் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து ஓடியபோது அவளுக்குப் பேச்சு இல்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கம் கேட்க வருகிறவர்களிடம் அவள் அண்ணன், கடைசியில் "அண்ணா" என்று கூப்பிட்டாள் என்கிறார். சொல்லட்டும். எஃகு விற்றவன்தான் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று வாய் ஓயாமல் திட்டுகிறார். நாற்பது நிமிடத்தைப் பற்றி நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. நாளை அந்த ஆளை நேரில் போய் ஒரு கை பார்ப்பதாக இருக்கிறார். என்னையும் கூப்பிட்டிருக்கிறார். அதற்குள் சொல்லியாக வேண்டும்.

அண்ணனை அவள் கூப்பிடவில்லை. கடைசியாகப் பேசியது என்னிடம். அச்சைத் துணியில் பொதிந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பிரஸ் அறை வாசலில் திரும்பி நின்று சொன்னாள்:

"நீங்க போய்ச் சாப்பிடுங்க. நான் நாலு அடி அடிச்சுப் பார்த்துட்டு வந்துடறேன்."