புதன்கிழமைப் பால்

புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு லிகாயா போன் செய்தாள்.

"நெனி அக்கா, பால் இல்ல."

"நேத்துதானே பன்னெண்டு பை குடுத்தேன்?"

"இல்ல. வாங்க."

வைத்துவிட்டாள்.

நான் பால் சுமப்பவள். சிறையிலிருந்து வீடுகளுக்கு. செவ்வாய், வியாழன், சனி. உள்ளே இருக்கும் தாய்மார்கள் மருந்தகத்தில் உட்கார்ந்து பாலைப் பிழிந்து கொடுப்பார்கள். நர்ஸ் துமலாவோ அதை நீளமான பிளாஸ்டிக் பைகளில் ஊற்றி, முடிச்சுப் போட்டு, உறைய வைப்பார். பாக்கெட் ஐஸ் செய்கிற அதே பைகள்தான். வேறு பைகள் வாங்க எங்களுக்கு வசதியில்லை. ஒவ்வொரு பையின் மேலும் ஒரு ஸ்டிக்கர். தாயின் பெயர், எண், தேதி, சிறை மருந்தகத்தின் முத்திரை. ஒரு மீன் பெட்டியில் ஐஸ் நிரப்பி, பைகளை அதில் புதைத்துக் கொண்டுபோவேன்.

அப்போது நான் பால் கொண்டுபோன வீடுகளில் நான்கு குழந்தைகள் இருந்தார்கள். சின்னவள் மயூமி, மூன்று மாதம். பிறந்த முப்பதாம் நாள் விதிப்படி வெளியே அனுப்பப்பட்டவள். அவள் தாய் ஜோவிலின் உள்ளே இருந்தாள். போதை வழக்கு, இன்னும் முடியவில்லை. நவோத்தாஸ் மீன் துறைமுகத்துக்குப் பின்னால் குழந்தையை வளர்த்துக்கொண்டிருந்தவள் ஜோவிலினின் அக்கா லிகாயா.

ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் மயூமியை உள்ளே கொண்டுபோகலாம். ஜோவிலின் அவளை மடியில் போட்டுப் பாலூட்டலாம். அதற்கு மாதம் ஒருமுறை சுகாதார நிலைய டாக்டரிடமிருந்து ஒரு தாள் வேண்டும். குழந்தை இன்னும் மார்ப்பாலில்தான் வளர்கிறது, டப்பாப் பால் தொடங்கவில்லை என்று அவர் எழுதித் தர வேண்டும். டப்பாவைத் திறந்துவிட்டால் அந்த ஒரு மணி நேரம் போய்விடும். பிறகு எல்லாக் கைதிகளையும்போலத்தான். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் குழந்தை, அந்தப் பக்கம் தாய்.

அந்த மாதத் தாள் வெள்ளிக்கிழமை எழுதப்பட வேண்டியிருந்தது.

லிகாயாவின் வீட்டு ஜன்னல்தான் கடை. அரிசி, சோப்பு, கருவாடு, உதிரி சிகரெட். பக்கத்தில் பாக்கெட் ஐஸ் விற்க ஒரு பழைய ஃப்ரீசர். அவள் கணவன் பெர்டிங் மீன் இறக்கும் வேலை முடிந்து விடியும்போது வருவான். அவள் குழந்தையைக் குளிப்பாட்டும்வரை ஜன்னலில் உட்காருவான். நான் போனபோது ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"வித்துட்டேன்," என்றான்.

"எதை?"

"பாலை. தேங்காய்ப்பால் ஐஸ்னு நெனச்சேன் அக்கா. வெள்ளையா இருந்துச்சு. பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க கேட்டுச்சு. எடுத்துக் குடுத்தேன்."

"எத்தனை?"

"ஆறு."

உள்ளேயிருந்து லிகாயா சொன்னாள். "இருட்டுல தொட்டுப் பாத்தே இது என்ன மீன்னு சொல்லுவாரு. பட்டப்பகல்ல பால் தெரியல."

"மீனுக்கு மூஞ்சி இருக்குடி."

"பைமேல ஸ்டிக்கர் இருந்திருக்குமே," என்றேன்.

லிகாயா குழந்தையோடு வெளியே வந்தாள். முடி வாரப்படாமல் இருந்தது.

"நான் உரிச்சிடுவேன்."

"ஏன்?"

"ஜெயில் பேரு போட்டிருக்கு அக்கா. ஃப்ரீசரைத் திறந்தா தெருவே எட்டிப் பாக்குது."

ஜோவிலின் ஹாங்காங்கில் வீட்டு வேலைக்குப் போயிருப்பதாக அவள் தெருவுக்குச் சொல்லியிருந்தாள். இந்தத் தெருவில் நான்கில் ஒரு வீட்டுப் பெண் ஹாங்காங்கில் இருக்கிறாள். யாரும் சந்தேகப்படவில்லை. அன்று காலை பெர்டிங் செய்தது தெரிந்ததும் அவளே கத்தியிருக்கிறாள். அது ஜெயில்லேர்ந்து வந்த ஜோவிலினோட பாலு என்று. முழுத் தெருவுக்கும் கேட்டிருக்கிறது.

அதற்குள் எதிர்வீட்டு ஜெமா வந்துவிட்டாள். இடுப்பில் ஆறு மாத மகன்.

"ஹாங்காங்லேர்ந்து பால் வருதாமே! ஏரோப்பிளேன்ல உருகலையா?"

லிகாயா தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் பொண்ணு மூணு தின்னிருக்கா. போதைக்காரி பாலு. அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"வாரா வாரம் டெஸ்ட் பண்ணித்தான் குடுக்கறாங்க. என்ன ஆச்சு உன் பொண்ணுக்கு?" என்றேன்.

"இப்போ வரைக்கும் ஒண்ணும் ஆகல."

"எங்க இருக்கா?"

"பள்ளிக்கூடத்துல."

"இந்தப் பிள்ளையோட அரை நாள் சாப்பாடு உன் பொண்ணு வயித்துல பள்ளிக்கூடம் போயிருக்கு. அதுக்கு யாரு வந்து கத்துறது?"

"நானா விக்கச் சொன்னேன்?"

"நீ சொல்லல. இது பசியோட இருக்கு, அவ்வளவுதான்."

ஜெமா மயூமியைப் பார்த்தாள். பிறகு மகனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

ஃப்ரீசரில் ஒரு பை மீதி இருந்தது. அதற்குப் பக்கத்து அலமாரியில் ஒரு பால்மாவு டப்பா. புதியது.

"எப்ப வாங்கின?"

"காலையில." லிகாயா என்னைப் பார்க்கவில்லை. "முடியல அக்கா. ராத்திரி பூரா எழுந்து பையை உருக்கறேன். ஞாயித்துக்கிழமை அங்க போயிட்டு வந்தா அன்னிக்கு முழுக்க அழறா. இப்ப தெருவும் சிரிக்குது. டப்பான்னா கலக்கிக் குடுத்துட்டுத் தூங்கலாம்."

"ஞாயித்துக்கிழமை?"

"டாக்டர்கிட்ட சொல்லாம விட்டா?"

"போன வருஷம் ஒரு வீட்டுல அப்படித்தான் விட்டாங்க. கண்டுபிடிச்சதும் எல்லா அம்மாவுக்கும் ரெண்டு மாசம் நிறுத்தினாங்க."

அவள் டப்பாவை அலமாரியின் உள்பக்கம் தள்ளினாள்.

என் மகன் டப்பாப் பாலில் வளர்ந்தவன். நான்கு வருடம் நான் உள்ளே இருந்தேன். நன்றாகத்தான் வளர்ந்தான். என்னை நெனி அக்கா என்று கூப்பிடுகிறான். இதை லிகாயாவிடம் நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும்.

"நாலு மணி வரைக்கும் திறக்காத," என்றேன். "நான் போய் எடுத்துட்டு வரேன்."

"இன்னிக்குப் புதன்."

"நாலு மணி."

"அந்த ஒரு பை பன்னெண்டு வரைக்கும்கூடத் தாங்காது."

"கஞ்சி, சக்கரைத் தண்ணி, எதுவும் வேண்டாம். தூக்கி வச்சுக்கோ."

"நாலு மணி," என்றாள். "அதுக்கு மேல என்னால முடியாது."

மீன் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டேன். பெர்டிங் ஓடிப்போய் மீன்துறையிலிருந்து ஒரு கட்டி ஐஸ் கொண்டுவந்தான். சுத்தியலால் உடைத்துப் பெட்டியில் நிரப்பினான். அவன் முகத்தை நிமிர்த்தவே இல்லை.

சிறை வாசலில் காவலர் ரிஜிஸ்டரைத் திறக்கவில்லை.

"இன்னிக்குப் புதன்."

"தெரியும்."

"வியாழன் நாளைக்கு."

"அதுவும் தெரியும் தம்பி. நர்ஸம்மாவைக் கூப்பிடு."

துமலாவோ வந்து என்னை மருந்தகத்துக்கு அழைத்துப்போனார். நடந்ததைச் சொன்னேன். வாயை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"சிரிச்சது தப்பு," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஃப்ரீசரைத் திறந்து காட்டினார். ஜோவிலின் பெயரில் ஐந்து பைகள்.

"எடுத்துக்கவா மேடம்?"

"எனக்கு அதிகாரம் இல்ல. ரிஜிஸ்டர்ல புதனுக்குக் கட்டமே கிடையாது."

"கட்டம் போடுங்க."

"வார்டன் போடணும். மீட்டிங் போயிருக்காங்க. மூணு மணி ஆகும்."

உட்கார்ந்தேன்.

பதினோரு மணிக்கு ஜோவிலினை அழைத்து வந்தார்கள். அது அவள் பால் பிழியும் நேரம். இருபத்து நான்கு வயது. மஞ்சள் சட்டையில் இன்னும் சின்னவளாகத் தெரிந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"பாப்பாவுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. உன் பாலை உங்க மாமா வித்துட்டாரு."

சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். துமலாவோவும் மறுபடி சிரித்தார்.

"பிள்ளைங்களுக்குப் பிடிச்சுதா?"

"இனிப்பு பத்தலன்னு ஒண்ணு வந்து சண்டை போட்டுச்சாம்."

"திமிரு." கையைக் கழுவினாள். துணியால் துடைத்தாள். பிறகு கேட்டாள். "ஏன் மாமாவுக்குத் தெரியல? பேரு ஒட்டியிருக்கே?"

உரித்ததைச் சொன்னேன். ஹாங்காங்கையும் சொன்னேன்.

"ஹாங்காங்ல நான் என்ன வேலை பாக்கறேன்?"

"குழந்தை பாத்துக்கற வேலை."

அவள் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டாள். சற்று நேரம் ஒன்றும் வரவில்லை.

"அக்கா டப்பா வாங்கிட்டாளா?"

"வாங்கிட்டா. திறக்கல."

ஜோவிலின் கிண்ணத்தை நெருக்கிப் பிடித்தாள். கட்டைவிரலால் அழுத்தினாள், விட்டாள், அழுத்தினாள். நெற்றி வேர்த்தது. அவள் அறைப் பெண்கள் ஒரு டம்ளரில் முருங்கைக்கீரைச் சாறு கொடுத்தனுப்பியிருந்தார்கள். சிறைச் சுவரோரம் நிற்கும் மரத்தின் கீரை. ஒரே மூச்சில் குடித்தாள். மறுபடி அழுத்தினாள். ஒரு பை நிறைந்தது. வழக்கமாக அவ்வளவுதான். அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது பை பாதி நிறைந்தபோது காவலர் வந்து நேரமாகிவிட்டது என்றார்.

"எழுதுங்க," என்றாள் துமலாவோவிடம். "பேரை நல்லா பெருசா எழுதுங்க."

வார்டன் மூன்று இருபதுக்கு வந்தார். நின்றபடியே கேட்டார்.

"இன்னிக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் புதன்கிழமை வந்து நிப்பாங்க."

"நிக்கட்டும் மேடம். பால் புதன்கிழமையும் சுரக்குது."

"விதின்னு ஒண்ணு இருக்கு நெனி. நீயே இங்க இருந்தவ. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் காலையிலேர்ந்து உட்கார்ந்திருக்கேன்."

"நாளைக்கு வா."

அவர் அறைக்குள் போனார். நான் வாசலிலேயே நின்றேன். தாள்களில் கையெழுத்துப் போட்டார். போனில் பேசினார். ஒரு காபி வந்தது, குடித்தார். நிமிர்ந்தபோதெல்லாம் நான் தெரிந்திருப்பேன். மூன்று ஐம்பதுக்கு ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு ஸ்கேலை வைத்து, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்தார்.

"கையெழுத்துப் போட்டுட்டுப் போ. பெட்டியிலேர்ந்து தண்ணி என் தரையெல்லாம்."

ஐந்தும் ஒன்றும் அரையும். ஆறரைப் பைகள்.

நான் ஏறிய ஜீப்னி வண்டி பாலத்தின் மேல் நின்றுவிட்டது. முன்னால் ஒரு ஐஸ் லாரி பழுது. இறங்கி நடந்தேன். பெட்டியின் வார் தோளை அறுத்தது. ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது தெருவுக்குள் நுழைந்தேன்.

அழுகைச் சத்தம் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஜன்னலில் பெர்டிங் மட்டும் இருந்தான். அவனுக்கு முன்னால் டப்பா. நான் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மூடி ஒட்டியபடி இருந்தது.

"உள்ள," என்றான்.

லிகாயா தரையில் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் கொதித்து ஆறிய தண்ணீர். ஒரே நாற்காலியில் ஜெமா, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். ஜெமாவின் மகன் தரையில் ஒரு கரண்டியைச் சப்பிக்கொண்டிருந்தான். ஜெமாவின் மார்பில் மயூமி.

ஜெமா திரும்பிப் பார்த்தாள்.

"என்ன பாக்கறீங்க? மதியத்திலேர்ந்து கத்துது. என் பையன் தூங்கவே இல்ல."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"என் பொண்ணு மூணு தின்னா. இவளுக்கு ரெண்டு தடவை குடுத்தாச்சு. இன்னும் ஒண்ணு பாக்கி. நாளைக்கு என் வாசல்ல வந்து நின்னு பேசாதீங்க."

நான் பைகளை ஃப்ரீசரில் அடுக்கினேன். லிகாயா விழித்துப் பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு பையை எடுத்தாள். ஸ்டிக்கரில் பெயர் பெரிதாக இருந்தது. நகத்தை அதன் ஓரத்தில் வைத்தாள். அங்கேயே வைத்திருந்தாள். பிறகு பையைத் திருப்பி, பெயர் மேலே தெரியும்படி வைத்தாள்.

"டப்பாவை?" என்றேன்.

"கடையில வச்சு வித்துடறேன்," என்றாள். "அவரை விக்க விடமாட்டேன்."

வெள்ளிக்கிழமை டாக்டர் மயூமியை எடை போட்டார். நூற்றிருபது கிராம் கூடியிருந்தது.

"டப்பாப் பால்?"

"இல்ல."

"வேற யாராவது பால் குடுத்தாங்களா?"

"எதிர்வீட்டு ஜெமா. புதன்கிழமை ரெண்டு தடவை. வியாழக்கிழமை ஒரு தடவை," என்றாள் லிகாயா.

டாக்டர் அதையும் எழுதினார். ஜெமா சுகாதார நிலையத்தில்தான் பிள்ளை பெற்றவள், ரத்தப் பரிசோதனை முடிவு அங்கேயே இருந்தது. எடுத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மயூமியை நான்தான் கொண்டுபோவேன். இந்த இரண்டு மாதத்தில் லிகாயா ஒருமுறைகூடச் சிறைக்கு வந்ததில்லை. அந்த ஞாயிறு நான் போனபோது அவள் செருப்பு மாட்டிக்கொண்டு குழந்தையோடு வாசலில் நின்றாள்.

ஜெமா எதிரில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க, ஹாங்காங்குக்கா?"

"ஜெயிலுக்கு," என்றாள் லிகாயா.

அவள் மெதுவாகச் சொல்லவில்லை. இரண்டு ஜன்னல்கள் திறந்தன. அவள் நிற்காமல் நடந்தாள்.

சிறை வாசலில் காவலர் அவள் பையைச் சோதித்தார். குழந்தையின் துணியைப் பிரித்துப் பார்த்தார். ரிஜிஸ்டரை அவள் பக்கம் திருப்பி, உறவு என்ற இடத்தில் விரலை வைத்தார். அக்கா என்று எழுதினாள். எழுத்து கட்டத்தைத் தாண்டிப் போயிற்று.

மருந்தகத்தில் ஜோவிலின் காத்திருந்தாள். அக்காவைப் பார்த்து எழுந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

"இளைச்சுட்ட," என்றாள் லிகாயா.

"ஹாங்காங்ல வேலை ஜாஸ்தி."

லிகாயா குழந்தையை அவள் மடியில் வைத்தாள். மயூமி முகத்தைத் திருப்பினாள், முனகினாள், லிகாயாவைத் தேடினாள். ஜோவிலின் அவசரப்படவில்லை. மார்பை அவள் கன்னத்தில் வைத்துக் காத்திருந்தாள். பிறகு மயூமி வாயைத் திறந்தாள்.

சுவரில் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐம்பத்தாறு நிமிடம் மீதி இருந்தது.