டகோட்டாவின் பதினேழு புத்தகங்கள்

விற்பனைக்குப் போகிற விமானத்தைக் கழுவுவதற்கு முன்னால் அதன் புத்தகங்களைத்தான் துடைத்தார்கள். மீனம்பாக்கம் ஹாங்கர் கொட்டகை வாசலில் மெக்கானிக் எலியேசர் சாக்குத் துணியால் ஒவ்வொன்றாகத் தூசி தட்டித் தர, கூட வேலை பார்க்கும் அயூப் வருஷ வரிசையில் அடுக்கினான். மொத்தம் பதினேழு. யுத்தத்துக்காக 1943இல் செய்த டகோட்டா அது. முதலில் சிப்பாய்களைச் சுமந்தது. யுத்தம் ஓய்ந்ததும் நாற்காலி போட்டுக்கொண்டு திருச்சிக்கும் மதுரைக்கும் கொழும்புக்கும் ஜனங்களைச் சுமந்தது. எந்தத் தேதியில் எந்தச் சக்கரம் மாற்றினார்கள், எந்த மழையில் எந்த இறக்கை கீறிக்கொண்டது, எல்லாம் அந்தப் புத்தகங்களில் இருந்தது.

எலியேசர் அதோடு பதினொரு வருஷமாக இருக்கிறான். ஆனால் கம்பெனி அவனை ஒரு வருஷம் நிறைய விட்டதில்லை. வருஷம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஒரு நாள் பெயரை அடித்துவிட்டு, மறுநாள் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஒரு நாளுக்கு ‘பிரேக்’ என்று பெயர். இப்போது நோட்டீஸ் ஒட்டியிருந்தது: ஒரு வருஷம் இடைவிடாமல் வேலை பார்த்தவர்களுக்குப் புது விமானத்தில் நிரந்தர வேலை. மற்றவர்கள் டகோட்டா கிளம்பும் நாளோடு நின்றுவிட வேண்டியது.

அயூப் ஒரு புத்தகத்தைப் பிரித்தவன் அப்படியே நின்றான். “மச்சான், அறுபத்தேழு பெரிய வெள்ளி! அன்னிக்குத்தானே உனுக்கு பிரேக்கு? நீ வந்து வேலை செஞ்சியே! அப்போ உன் வருஷம் அறுந்தே போவலியே!”

எலியேசருக்கு நன்றாக நினைவிருந்தது. தாம்பரம் கோயிலில் மூன்று மணி ஆராதனை நடுவில் ஜீப் வந்து நின்றது. வால் சக்கரம் மக்கர். டியூட்டியில் இருக்க வேண்டிய நிரந்தர ஆள் அயூப் ஆஜர் போட்டுவிட்டுத் தங்கை நிக்காஹுக்குப் பல்லாவரம் போயிருந்தான். இன்ஜினியர் தேவானந்தம் கூப்பிட்டால் மறுக்கிற பழக்கம் எலியேசருக்குக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு வந்து சக்கரத்தை மாற்றினான். விமானம் ஆறு மணிக்கு மதுரை போயிற்று.

புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் ‘வேலை செய்தவர்’ என்ற கட்டத்தில் அயூப் பெயர் இருந்தது. எழுதியவன் எலியேசர்தான். பெயர் அடித்த ஆள் விமானத்தைத் தொட்டதாக எழுத முடியாது. கட்டம் காலியாக இருந்தால் விமானம் கிளம்பக் கூடாது. அதனால் சிநேகிதன் பெயரை எழுதினான். கீழே தேவானந்தத்தின் கையெழுத்து.

இருவரும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனார்கள். அவர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“நீ வந்தது நிஜம், எலியேசர். நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா இந்த ஒரு பேஜ் பொய்னு எழுதிக் கொடுத்தா, பதினேழு புக்கையும் எவன் நம்புவான்? சேல் நின்னுடும். அயூப் வேலை போகும். என் லைசென்ஸும் போகும். ரிட்டயராக ரெண்டு வருஷம்தான் இருக்கு.”

“அப்போ எனுக்கு, சார்?”

தேவானந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நல்லதா ஒரு சர்ட்டிபிகேட் எழுதித் தரேன்.”

வெளியே வந்ததும் அயூப், “நா ஆபீஸ்ல சொல்லிட்றேன் மச்சான். வேலை போனா போவுது” என்றான்.

சொல்லட்டுமே என்று எலியேசருக்கு ஆசையாகத்தான் இருந்தது. அப்படி ஆசைப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது. “மூணு கொயந்தைங்கள வச்சிகினு பேசற பேச்சா இது? வாய மூடிகினு அடுக்கு” என்றான்.

வாங்குகிறவர்கள் அனுப்பிய ஆள் கல்கத்தாவிலிருந்து வந்து மூன்று நாள் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடைசிப் புத்தகத்தை மூடிவிட்டுத் தேவானந்தத்தின் கையைக் குலுக்கினார். “இருபத்தாறு வருஷம். ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. இப்படி ஒரு சர்வீஸ் ரெக்கார்டு நான் பார்த்ததில்லை” என்று இங்கிலீஷில் சொன்னார். தேவானந்தம் தரையைப் பார்த்துக்கொண்டு தேங்க்யூ சொன்னார்.

விமானம் எங்கே போனாலும் புத்தகங்களும் கூடப் போக வேண்டும் என்பது விதி. கிளம்புகிற காலையில் எலியேசர் புத்தகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஏறி, முன்வரிசை ஜன்னலோர இருக்கையில் வைத்து, ஆடாமல் இருக்க பெல்ட்டை இழுத்து மாட்டினான்.

இறங்கியபோது டைம் ஆபீஸ் குமாஸ்தா படிக்கட்டருகே காத்திருந்து கணக்குத் தீர்க்கிற தாளை நீட்டினார். “இதுல ஒரு சைன் போட்டுட்டுப் போயிடுப்பா.”

சேர்ந்த தேதி என்ற இடத்தில் 1969 மார்ச் என்று டைப் அடித்திருந்தது. மொத்த சர்வீஸ்: ஏழு மாதம். தாளை எங்கே வைத்து எழுதுவதென்று எலியேசர் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு டகோட்டாவின் விலாவில் வைத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டான்.