கவலைக்கு அஞ்சு மணி

ஊர் வாய்க்கு ஒரு காரணம் சொல்லி அனுப்புவதில் நான் கெட்டிக்காரி. பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனம் என் வீட்டுக்குள் என்ன செய்தது என்பதை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

எங்கள் வீடு உச்சிப்புளியில் மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது. வீட்டு முகப்பிலேயே என் வீட்டுக்காரர் நாகநாதன் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். ஒரே மகள் பானுப்பிரியா. மருமகன் வேல்ராஜுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. பானுவுக்கு ஏழாம் மாதம் வளையல் போட்டுப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம்.

வந்த மறுநாளே தெரிந்துவிட்டது, பானு சரியில்லை என்று. கை எப்போதும் வயிற்றிலேயே இருந்தது. சோற்றில் கை வைத்தவள் சாப்பிடாமல் அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

"யம்மா, காலையில இருந்து ஏழு தடவதான் அசைஞ்சிருக்கு. நேத்து இந்நேரம் ஒம்பது."

"அது என்ன பஸ்ஸா, நேரத்துக்கு நேரம் வர? தூங்குதுத்தா."

"நெஞ்சு படபடனு அடிக்குதும்மா. ஸ்கேன் பாத்துட்டு வந்துருவமா?"

பத்து நாளில் மூன்று தடவை ராமநாதபுரம் போனோம். மூன்றாவது தடவை டாக்டரம்மா, "பிள்ளை நல்லா இருக்கு. அம்மாதான் நல்லா இல்ல. ஒவ்வொரு செவ்வாக்கிழமையும் இங்க கவுன்சிலிங் நடக்குது, போய்ப் பேசுங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

எனக்கு முதலில் வந்த யோசனை, தெருவுக்கு என்ன சொல்வது என்பதுதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் வாசலை விட்டு இறங்கவில்லை, பூமயில் மதினி எதிரே வந்துவிட்டார். என் வீட்டுக்காரரின் அக்கா. அடுத்த தெரு.

"எங்கிட்டு ஆத்தாளும் மகளும் கெளம்பிட்டீக?"

"சுகர் டெஸ்ட்டுக்கு மதினி" என்றேன். யோசிக்கவே இல்லை. அப்படியே வந்தது.

சாயங்காலத்துக்குள் தெருவே பானுவுக்குச் சுகர் வைத்துவிட்டது. அதுவரை அதிரசமும் ஜாங்கிரியும் கொண்டு வந்தவர்கள் பாகற்காய் கொண்டுவர ஆரம்பித்தார்கள். பாகற்காய்ப் பொரியல், பாகற்காய்த் தொக்கு, பாகற்காய் ஜூஸ். பானு என்னை முறைத்துக்கொண்டே சாப்பிட்டாள்.

"ஒரு கரண்டி சீனி தாம்மா, நாக்கு கசந்து கெடக்கு."

"சுகர்னு சொல்லிட்டேனேத்தா. யாராச்சும் பாத்துட்டா?"

கவுன்சிலிங் அறையில் ஒரு மேஜையும் மூன்று நாற்காலியும்தான் இருந்தன. ஊசி இல்லை, மாத்திரை இல்லை. கவுன்சிலிங் கொடுக்கிற பெண்ணுக்கு மாஷிதா என்று பெயர், என் மகள் வயதுதான் இருக்கும்.

"சொல்லுங்க பானுப்பிரியா, எப்படி இருக்கீங்க?"

"நல்லாருக்காம்மா" என்றேன் நான்.

"தூக்கம் வருதா?"

"அதெல்லாம் தூங்குறா. ஊடே ஊடே முழிச்சுக்கிருவா."

"மனசுல என்ன பயம் இருக்கு?"

"எங்க வீட்டுல பயமே கெடையாதும்மா. எல்லாரும் தைரியசாலி."

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். நான் நன்றாகப் பதில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் அவர் பானுவுக்கு ஒரு வழி சொன்னார். ஒரு நாளைக்குக் கவலைப்பட அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். சாயங்காலம் அஞ்சிலிருந்து அஞ்சரை. தனியாக உட்கார்ந்து, மனதில் இருப்பதை ஒரு நோட்டில் எழுத வேண்டும். மற்ற நேரத்தில் கவலை வந்தால், 'அஞ்சு மணிக்கு வா' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அஞ்சரை ஆனதும் நோட்டை மூடிவிட வேண்டும். டாக்டர் சொன்னபடி அசைவைக் காலையிலும் மாலையிலும் மட்டும் பார்த்தால் போதும்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கியபடியே சிரித்தார். "கவலைக்கும் டோக்கன் குடுத்துட்டாகளா?"

அதோடு விட்டிருக்கலாம். பஞ்சர் ஒட்ட வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார்.

முதல் நாள் அஞ்சு மணிக்குப் பானு நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். விளக்கு வைக்கிற நேரத்தில் பிள்ளைத்தாச்சியைத் தனியாக விடலாமா? காத்துக் கருப்பு அண்டிவிடும் என்று முன்வாசலுக்குக் கூட்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஐந்து நிமிடத்தில் மதினி வந்துவிட்டார்.

"இது என்ன நேரம்டி? நாகநாதன் என்னமோ சொன்னானே."

"சுகர் இருந்தா கவலைப்படக் கூடாதாம் மதினி. அதான் எல்லாத்தையும் அஞ்சுல இருந்து அஞ்சரைக்குள்ள முடிச்சுக்கிறச் சொல்லிருக்காக."

"அதுவும் சரிதான். தனியா உக்காந்து கவலைப்பட்டா நல்லாவா இருக்கும்? நானும் உக்காருறேன்."

உட்கார்ந்தவர் பானுவின் தலையைத் தடவினார். "பயப்படாதத்தா. என் ரெண்டாவது பிரசவத்துல பாதி உசுரு போயிருச்சு. மீதி உசுருலதான் இந்தா உக்காந்துருக்கேன்."

பானு முகம் வெளுத்தது.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு சாலிஹா வந்தாள். நான்காம் நாள் எதிர்வீட்டு தங்கப்பாண்டி அண்ணன், ரிட்டயரான வாத்தியார், சொந்தமாக நாற்காலி தூக்கிக்கொண்டு வந்தார். வந்தவர்களுக்கு வெறும் டீ எப்படிக் கொடுப்பது? வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். அதற்கடுத்த நாளிலிருந்து பஜ்ஜிக்காகவும் கவலைப்பட வந்தார்கள்.

"என் மருமக தோசைய மூணு மூலையாச் சுடுறா. வேணும்டேதான் சுடுறா" என்றார் மதினி. "எழுதிக்கத்தா பானு."

"எங்க ஊட்டுக்காரரு துபாய்ல இருந்து வீடியோ கால் போட்டா என்னயப் பாக்குறதே இல்லக்கா. கொஞ்சம் தள்ளு தள்ளுங்குறாரு. பின்னால செவுத்துல விரிசல் விட்டுருக்கானு பாக்கணுமாம்" என்றாள் சாலிஹா.

"என் மூத்த மகன் போன்ல 'ம்'ங்குறான். நானும் 'ம்'ங்குறேன். மூணு நிமிசம் ஓடுது" என்றார் தங்கப்பாண்டி அண்ணன்.

பக்கத்து நேவி கேம்ப் ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போகும்போது மட்டும் எல்லார் கவலையும் அரை நிமிடம் நிற்கும். சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இரண்டு வாரத்தில் தெரு தெளிந்துவிட்டது. மதினிக்குத் தூக்க மாத்திரை இல்லாமலே தூக்கம் வந்தது. தங்கப்பாண்டி அண்ணனுக்குப் பிரஷர் இறங்கிவிட்டதாம். "என்னா வைத்தியம்டி இது! இதச் சொன்ன டாக்டருக்கு ஒரு கோயில் கட்டணும்" என்றார் மதினி.

பானு மட்டும் இளைத்துக்கொண்டே போனாள். அசைவை மறுபடியும் நாள் முழுவதும் எண்ண ஆரம்பித்திருந்தாள். எண்ணிக்கையைச் சேலை முந்தியில் முடிச்சாகப் போட்டு வைத்ததை நான் துவைக்கும்போதுதான் பார்த்தேன்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை மாஷிதா நோட்டை வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்கப் புருவம் ஏறியது.

"'மூணு மூலை தோசை.' இது உங்க கவலையா?"

"அத்தையோடது" என்றாள் பானு.

"'செவுத்து விரிசல்?'"

"சாலிஹா அக்காவோடது."

"பதினாலு பக்கம் இருக்கு. இதுல உங்களோடது எது?"

பானு குனிந்துகொண்டாள். நான் வாயைத் திறந்தேன். மாஷிதா முந்திக்கொண்டார். "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்க."

ஒரு ஆளும் என்னை அப்படிச் சொன்னதில்லை. வெளி பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு என் மகள் அழுகிற சத்தம் கேட்டது. அவள் அப்படி அழுது நான் கேட்டு இரண்டு வருடம் ஆகிறது.

அரை மணி கழித்துக் கதவு திறந்தது. "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம். அவுங்களே கேக்கட்டும்" என்றார் மாஷிதா.

பானு என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக் கேட்டாள். "யம்மா, மொதப் பிள்ளை தங்காமப் போனப்ப, டாக்டர் உங்கிட்ட என்ன சொன்னாக?"

இங்கே நான் பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால், எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, ஐந்தாம் மாதம் அவளுக்குக் கலைந்துவிட்டது. அவள் மயக்கத்தில் கிடந்தாள். மருமகன் திருப்பூரிலிருந்து வந்து சேரவில்லை. அப்போது பார்த்த டாக்டர் என்னிடம்தான் சொன்னார்: "கரு உண்டாகும்போதே அதுல கோளாறு. இது யாரு செஞ்சதாலயும் இல்ல. அடுத்த பிள்ளை நல்லாப் பிறக்க நிறைய வாய்ப்பு இருக்கு." அதையே சீட்டிலும் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார்.

கோளாறு என்று வெளியில் சொன்னால் யார் பக்கத்துக் கோளாறு என்று கேட்பார்களே. வந்து விசாரித்தவர்களிடம், "ஸ்கூட்டில பரமக்குடி வரைக்கும் போனா. ரோடு பூராம் பள்ளம். குலுங்கிருச்சு" என்று சொன்னேன். அந்த மாதம் அவள் நிஜமாகவே தறிக்காரரிடம் சேலை எடுக்கப் பரமக்குடி போயிருந்தாள். கதை நன்றாகப் பொருந்தியது. மருமகனிடமும் அதையே சொன்னேன். எல்லாரும் ஸ்கூட்டியைத் திட்டிவிட்டுப் போனார்கள், குடும்பப் பேர் தப்பித்தது. சீட்டைப் பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் வைத்தேன். இந்தத் தடவை வேறு டாக்டரிடம் போனபோது பழைய சீட்டு தொலைந்துவிட்டது என்றேன்.

அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. 'போனதப் பேசாத' என்று மட்டும் சொன்னேன்.

"சொல்லும்மா" என்றாள் பானு. "நான் வண்டி ஓட்டுனதாலயா?"

"இல்லத்தா."

"அப்பறம்?"

சொன்னேன். முழுதும் சொன்னேன்.

"ரெண்டு வருசமா நான் கொன்னுட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்மா. இப்ப நடக்கப் பயமா இருக்கு, படி ஏறப் பயமா இருக்கு, திரும்பிப் படுக்கப் பயமா இருக்கு" என்றாள் பானு. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ எங்கிட்ட சொல்லிட்ட. ஊருக்குள்ள இன்னைக்கும் வண்டிதான். நாளைக்கு இதுல எனக்கு ஒண்ணு ஆச்சுனா எதச் சொல்லுவ? பாகக்காயவா?"

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அஞ்சு மணிக்கு வழக்கம்போல எல்லாரும் வந்தார்கள். நான் பஜ்ஜி போடவில்லை. மதினி அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி, எண்ணெய் தீந்துருச்சா?" என்றார்.

"இன்னைக்கு மொதல்ல நான் கவலைப்படுறேன் மதினி" என்றேன். பீரோவிலிருந்து எடுத்து வந்த சீட்டை மடியில் விரித்தேன். "பானுவுக்கு மொதப் பிள்ளை ஸ்கூட்டில போனதால கலையல. கரு உண்டாகும்போதே கோளாறு, அவ செஞ்சது ஒண்ணும் இல்லனு டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரு. நான்தான் மாத்திச் சொன்னேன். எம் பிள்ளை மேல பழிய நான்தான் போட்டேன்."

என் வீட்டுக்காரர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார். அவரும் இதை முதல் தடவையாகத்தான் கேட்கிறார்.

"ஏண்டி" என்றார் மதினி. "நான் அவள எத்தன தடவ 'வண்டிக்காரி'னு வஞ்சிருப்பேன். எங்கிட்டயாச்சும் சொல்லக் கூடாதா?"

"ஒங்ககிட்டச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி மதினி."

மதினி தலை குனிந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

தங்கப்பாண்டி அண்ணன்தான் நாற்காலியை விட்டு எழுந்தார். அந்த ஸ்கூட்டியை ராசி கெட்டது என்று நாங்கள் தள்ளிவிட்டபோது வாங்கியவர் அவர்தான்.

"அப்ப வண்டி மேல குத்தமே இல்லையா தங்கச்சி? ரெண்டு வருசமா வாராவாரம் எலுமிச்சம்பழம் கட்டித்தான் ஓட்டுறேன். எம் மருமகளுகள ஏத்துனதே இல்ல. மழையில நனைஞ்சுக்கிட்டு நடந்து போகும்க!"

உள்ளறை வாசலில் பானு நோட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"மாமா, வண்டி எங்க நிக்கிது?"

"இந்தா, வேப்ப மரத்தடியில. ஏம் பாப்பா?"

அவள் வாசலை விட்டு மெல்ல இறங்கிப் போனாள். எல்லாரும் எழுந்துவிட்டார்கள். வண்டி இருக்கையைத் தட்டிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி ஸ்டாண்டில் நின்றது, சாவி அண்ணன் பையில் இருந்தது.

"யாத்தே! எறங்கச் சொல்லுடி!" என்றார் மதினி.

'எறங்குத்தா' என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். "மணி அஞ்சே கால்தான் ஆகுது மதினி. அது அவ நேரம். எல்லாரும் இங்கனயே உக்காருங்க" என்றேன்.

அவள் நோட்டைப் புரட்டி, எழுதாத பக்கத்தில் எழுதினாள். நடுவில் ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹெலிகாப்டர் வந்தது, போனது. அது போன பிறகும் இந்தத் தடவை யாரும் பேசவில்லை.

அஞ்சரைக்கு நோட்டை மூடினாள். ஹேண்டில்பாரில் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தை அவிழ்த்து முகர்ந்து பார்த்தாள்.

"புதுசா மாமா?"

"காலையிலதான் மாத்துனேன். அதத் தொடாத பாப்பா, அது திருஷ்டிக்கு..."

அவள் அதைக் கொண்டு வந்து என் கையில் வைத்தாள். "நல்லாக் கழுவிட்டு ஜூஸ் போடும்மா. சீனி அள்ளிப் போடு."

"சுகர்காரிக்குச் சீனியா?" என்று அலறினார் மதினி.

நான் எலுமிச்சம்பழத்தையும் மதினியையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"மதினி," என்றேன், "செத்த உக்காருங்க. இன்னொண்ணும் சொல்லணும்."